ரங்கூன் மைதானமும் எண்ணூர்க் கரையும்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய பகுதியில், பொழுது சாய்ந்ததும் அத்தோ வண்டிகள் வந்து நின்றுவிடும். நூடுல்ஸை முட்டைக்கோஸோடும் பொரித்த வெங்காயத்தோடும் கையாலேயே பிசைந்து, புளித்தண்ணீரும் மிளகாய்த் தூளும் சேர்த்துக் கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு மிதக்கும் சூப். வடசென்னைக்காரர்களுக்கு இது அறிமுகம் தேவைப்படாத உணவு.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு வண்டியருகே ஒரு பெரியவரோடு பேச நேர்ந்தது. சிறுவனாக ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். எண்ணூரில், பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக உருவான குடியிருப்பு ஒன்றில் வசிப்பவர். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கால்பந்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே எங்கள் அணிதான் முதல் அணி என்றார். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய அணியைச் சொல்கிறார் என்று எண்ணித் தலையாட்டினேன். அவர் சொன்னது பர்மா அணியை என்பது புரியச் சற்று நேரம் பிடித்தது. ‘நம்ம டீம்’ என்று அவர் சொல்லவில்லை, ‘எங்க டீம்’ என்றார். கேட்பவனை உள்ளே சேர்க்கும் ‘நாம்’ ஒன்று, வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ ஒன்று என்று தமிழில் இரண்டு இருக்கின்றன அல்லவா? அன்று நான் வெளியே நின்றேன்.

தன்னை வெளியேற்றிய நாட்டின் அணியை ஒருவர் அறுபது வருடங்களுக்குப் பிறகும் ‘எங்கள்’ என்று சொல்வதெப்படி? அந்தக் கேள்வியோடு பர்மிய அணியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, எண்ணூர்க்காரரின் கதையும் அந்த அணியின் கதையும் ஒரே வருடங்களில் எதிரெதிர்த் திசைகளில் நடந்திருப்பது தெரியவந்தது.

பர்மாவுக்குக் கால்பந்தைக் கொண்டுசென்றவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட். 1870களின் இறுதியில் ரங்கூன் செயின்ட் ஜான்ஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் ஷ்வே யோ என்ற பர்மியப் புனைபெயரில் பர்மியர்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. பிரம்புப் பந்தைக் காலாலேயே தட்டித் தட்டித் தரையில் விழாமல் காக்கும் சின்லோன் என்ற ஆட்டம் அந்த மண்ணில் ஏற்கனவே இருந்தது. அப்படிப்பட்ட கால்களுக்குத் தோல் பந்து பழகுவதில் அதிகச் சிரமம் இருந்திருக்காது.

ஆள்பவனும் ஆளப்படுபவனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு மோதிக்கொள்ளக் கிடைத்த இடமும் மைதானம்தான். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், யானையைச் சுட்டதைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார். கால்பந்து மைதானத்தில் ஒரு பர்மிய ஆட்டக்காரர் அவரை இடறிவிழச் செய்கிறார், நடுவரும் பர்மியர், முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறார், கூட்டம் சிரிக்கிறது. ஏகாதிபத்தியத்தைப் பற்றிய அந்தக் கட்டுரையில் எல்லோருக்கும் யானைதான் நினைவில் நிற்கிறது. எனக்கென்னவோ முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நடுவரை மறக்க முடிவதில்லை.

அன்றைய ரங்கூனை ஒரு பர்மிய நகரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1931 குடிக்கணக்கின்படி அந்நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள், வங்காளிகள், ஒரியர்கள் என்று துறைமுகக் கூலியிலிருந்து வட்டிக்கடை வரை பரவியிருந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்த சேதி. சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவது அந்தத் தலைமுறைக்கு வெளிநாட்டுப் பயணமாகவே தோன்றியிருக்காது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தானே. 1930இலும் 1938இலும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் மூண்டன. 1942இல் ஜப்பானியர்கள் நுழைந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் தப்பியோடினார்கள், பெரும்பாலும் கால்நடையாக. வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ அந்த ஓட்டத்தின் சாட்சியம். 1952இல் வந்த ‘பராசக்தி’ திரைப்படத்தின் கதையும் ரங்கூனிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் 1960களில் நடந்த இரண்டாவது வெளியேற்றம் தமிழ் இலக்கியத்தில் அந்த அளவுக்கு இடம் பெறவில்லை என்பது என் குறை. முதலாவதில் குண்டுவீச்சும் காடும் இருந்தன. இரண்டாவதில் இருந்தவை ரப்பர் முத்திரையும் வரிசையும்தாம். காவியத்துக்கு உகந்த பொருள் அல்ல என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகள் தேசியமயமாயின. 1964 மார்ச்சில் ரங்கூனின் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. சட்டங்களில் இந்தியர் என்ற சொல் இருக்கவேண்டிய தேவையே இல்லை. கடை யாருடையது, கையில் ரொக்கம் வைத்திருந்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்தாண்டில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 44 ஆயிரம் பேர் வந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. எதை எடுத்துவரலாம் என்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றைத் துறைமுகச் சோதனையில் கழற்றிக் கொடுத்த கதை, பர்மாத் தமிழர் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுவது.

இனி மைதானத்துக்கு வருவோம்.

அதே 1964இல், கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்கா கோப்பையின் இறுதியாட்டத்தில் பர்மா இந்தியாவை வென்றது. அந்த இந்திய அணி சாதாரணமானதல்ல. 1962இல் ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய தலைமுறையின் அணி. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகத்தில் மக்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், மறுபக்கம் கோலாலம்பூரில் கோப்பை கைமாறுகிறது. இரண்டு சேதிகளும் ஒரே ஆண்டின் பத்திரிகைகளில் வந்திருக்கும்.

அதற்குப் பிறகான பத்தாண்டை பர்மியக் கால்பந்தின் பொற்காலம் என்று தயங்காமல் சொல்லலாம். 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். 1968இல் டெஹ்ரானில் நடந்த ஆசியக் கோப்பையில் ஈரானுக்கு அடுத்த இடம். 1970இல், மீண்டும் பாங்காக்கில், தென்கொரியாவோடு கோலின்றி முடிந்த இறுதியாட்டம், பகிர்ந்துகொண்ட தங்கம். தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து தங்கங்கள்; அவற்றில் முதலாவது மட்டும் தாய்லாந்தோடு பகிரப்பட்டது. ஆசிய இளைஞர் கோப்பையை 1961க்கும் 1970க்கும் இடையே ஏழு முறை தனியாகவோ பகிர்ந்தோ கைப்பற்றினார்கள். நிலப்பரப்பில் பர்மா சின்ன நாடல்ல, ஆனால் அன்றைய மக்கள்தொகை இந்தியாவில் இருபதில் ஒரு பங்கு. வெளியுலகுக்குக் கதவைச் சாத்திக்கொண்ட, வறுமை பெருகிக்கொண்டிருந்த நாடு. அங்கிருந்து இப்படியோர் அணி.

இளைஞர் கோப்பை வெற்றிகளில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒன்றாக ஆடிய பையன்கள் அப்படியே மூத்தோர் அணிக்கு நகர்ந்தார்கள். ராணுவமும் அமைச்சகங்களும் அணிகளை வைத்திருந்தன. ஆட்டக்காரனுக்கு அரசாங்கச் சம்பளம் நிச்சயம். நம்மூரில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம் என்று அணிகள் இருந்ததைப் போலத்தான். ஆசியாவில் தொழில்முறைக் கால்பந்து வராத காலத்தில் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

அந்த அணியின் மிகப்பெரிய பெயர் சுக் பகதூர். பெயரே சொல்கிறது, அவர் கூர்க்கா வம்சாவளி. பிரிட்டிஷாரின் படைகளோடு பர்மாவுக்கு வந்து தங்கிவிட்ட நேபாளிகளின் வழியில் வந்தவர். 1950களிலிருந்து ஆடி, அணித்தலைவராகவும் விளங்கிய முன்கள வீரர். பர்மாவில் தோன்றிய ஆட்டக்காரர்களிலேயே சிறந்தவர் என்று இன்றும் பலர் அவரைத்தான் சொல்கிறார்கள். 'வந்தேறிகளை' அனுப்பி பர்மாவைப் பர்மியர்களுக்கே ஆக்குவதாகச் சொன்ன அரசு, வந்து குடியேறியவர்களின் வாரிசு ஒருவரைத் தலைமையாகக் கொண்ட அணியின் வெற்றிகளில் பெருமிதம் கொண்டது. இதில் முரண் இருப்பதாக ரங்கூனில் யாருக்கும் தோன்றியிராது. கோல் போடுகிறவனின் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று எந்த நாட்டிலும் கேட்பதில்லை. கோல் போடாதவர்களிடம்தான் கேட்கிறார்கள்.

1970 பாங்காக் ஆட்டங்களில் இந்தியாவும் பர்மாவும் அரையிறுதியில் எதிரெதிராக வந்தன. இந்தியாவுக்கு சையத் நயீமுத்தீன் தலைவர், பி.கே. பானர்ஜி பயிற்சியாளர்களில் ஒருவர். பர்மா 2-0 என்று வென்றது. அடுத்து ஜப்பானை 1-0 என்று வென்ற இந்தியாவுக்கு வெண்கலம். ஆசிய விளையாட்டுகளின் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசிப் பதக்கம் அதுதான், இன்றுவரை.

எண்ணூர்ப் பெரியவரிடம் அந்த அரையிறுதியைப் பற்றிக் கேட்டேன். அப்போது அவர் இருபதை நெருங்கிய இளைஞர், துறைமுகத்தில் தினக்கூலி. அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய வருடம் என்பதால் அவருக்கு 1970 நன்றாக நினைவிருக்கிறது. சேதியைத் தேநீர்க் கடைப் பத்திரிகையில் பார்த்தாராம். முதலில் சந்தோஷம் வந்தது என்றார். பிறகு பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாராம். அங்கே ‘பர்மாக்காரன்’ என்பது அவருக்குப் பட்டப்பெயர். ரங்கூனில் ‘கலா’ என்று அழைத்தார்கள், இந்தியன் என்று பொருள்படும் ஏளனச் சொல் அது. இங்கே வந்தால் பர்மாக்காரன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனதாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படி வந்தவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இன்னும் பல ஊர்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களின் பிழைப்புக்காக 1969இல் பர்மா பஜார் பிறந்தது. ஒரு பகுதியினர் இங்கே ஒட்டமுடியாமல், தரைவழியாகத் திரும்பிப் போய்விடலாமென்று மணிப்பூர் எல்லைவரை சென்றார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. எல்லையிலேயே, மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். மணிப்பூரின் மலையடிவாரத்தில் அங்காளபரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோபுரத்தோடு ஒரு தமிழ்க் கோயில் நிற்பதன் பின்னணி இதுதான். இரண்டு நாடுகளுக்கு இடையிலிருந்த கோட்டின் மேலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் என்று அவர்களைச் சொல்லத் தோன்றுகிறது.

பர்மிய அணி தன் உச்சத்தின் கடைசிப் படியில் ஏறியது 1972இல், மியூனிக் ஒலிம்பிக்கில். சோவியத் யூனியனிடமும் மெக்ஸிகோவிடமும் தலா ஒரே ஒரு கோலில்தான் தோற்றது. சூடானை 2-0 என்று வென்றது. அதே ஆண்டு பயிற்சியளிக்க அனுப்பப்பட்டவர் பெர்ட் டிராவுட்மான். அவரும் விசித்திரமான பிறவிதான். ஹிட்லரின் படையில் பாராசூட் வீரர். போர்க்கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, விடுதலையான பின் அங்கேயே தங்கி, மான்செஸ்டர் சிட்டியின் கோல்காப்பாளர் ஆனவர். எதிரி நாட்டுக்காரன் என்று அவரைச் சேர்த்ததை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் பின்னர் அவரைக் கொண்டாடினார்கள். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே ஆடி முடித்தார். எதிரியாக வந்தவன் ‘நம்மவன்’ ஆவதற்குக் கழுத்தையே கொடுக்கவேண்டியிருக்கிறது.

அதன்பின் சரிவு. 1973க்குப் பிறகு தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பர்மிய ஆடவர் அணி தங்கம் வென்றதே இல்லை. காரணங்களைத் தேடி அதிகம் அலையவேண்டாம். பொருளாதாரம் இறுகியது, வெளிநாட்டுப் பயணங்கள் குறைந்தன. தென்கொரியாவில் 1983இலும் ஜப்பானில் 1993இலும் தொழில்முறை லீக்குகள் தொடங்கின. அமைச்சக அணிகளால் அந்த வேகத்தைத் தொடமுடியவில்லை. 1988இல் மாணவர் எழுச்சியும் அது ஒடுக்கப்பட்டதும் நடந்தபின் நாட்டின் பெயரும் மாறியது, மியான்மர் என்று. 2009இல் ஜெனரல் தான் ஷ்வே நூறு கோடி டாலருக்கு மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பையே வாங்கலாமா என்று யோசித்ததாக, விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்று சொல்கிறது. புயலால் சிதைந்த நாட்டில் அது நன்றாக இருக்காது என்று கைவிட்டு, செல்வந்தர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கிளப் நடத்தச் சொன்னாராம். அந்த ஆண்டில்தான் மியான்மர் தேசிய லீக் பிறந்தது. 2011இல் ஓமானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதியாட்டம் ரங்கூனில் பார்வையாளர்கள் பொருட்களை வீசியதால் பாதியில் நின்றுபோனது. ஆட்சியை எதிர்த்து ஒரு சொல் பேச இயலாத ஊரில் ஜனங்கள் கூடிக் கத்தக்கூடிய இடமாக மைதானம் மட்டுமே மிஞ்சியிருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வியாசர்பாடிக்கு ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பத்திரிகைக்காரர்கள். முல்லை நகர் மைதானத்தில் காலையும் மாலையும் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகப் படாது. 2018 ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையின் அணிக்குக் கோல் போட்ட தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்திய கோலைப் போட்டு, நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு கொல்கத்தாவின் பாதியைத் தெருவில் ஆடவைத்த நந்தகுமாரும் சென்னைப் பையன். இருவரும் இந்தியச் சட்டை அணிந்தவர்கள். இந்தக் கால்பந்து மோகத்துக்கு ஒரே ஊற்றைக் காட்டுவது சரியல்ல. பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், 1955இல் வந்த ஐ.சி.எஃப்., 1996இல் மூடப்பட்ட பி அண்ட் சி ஆலை, துறைமுகம் எல்லாமே இந்த மண்ணில் பந்தை உருட்டியவைதாம். என்றாலும் 1960களில், ஆசியாவின் முதல் அணியைத் ‘தன் அணி’ என்று எண்ணிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதே தெருக்களில் வந்து இறங்கின. அத்தோவைக் கொண்டுவந்தவர்கள் அந்த ஞாபகத்தை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. சோதனைச் சாவடியில் பறிக்க முடியாத சாமான் அல்லவா அது.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியான்மரில் மறுபடியும் ராணுவப் புரட்சி. ஆட்டக்காரர்கள் பலர் தேசிய அணியில் ஆட மறுத்தார்கள். மே 28ஆம் தேதி, ஜப்பானின் சிபா நகரில், உலகக் கோப்பைத் தகுதியாட்டம். ஜப்பான் 10-0 என்று வென்றது. ஆனால் ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் ஒலித்தபோது, மியான்மர் அணியின் மாற்றுக் கோல்காப்பாளர் பியே லியான் ஆங் மூன்று விரல்களை உயர்த்தினார். ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்களின் சைகை அது. ஜூன் மாதம் அணி ஊர் திரும்பும்போது, ஒசாகா அருகே கன்சாய் விமான நிலையத்தில், குடிநுழைவு அதிகாரிகளிடம் சென்று தான் திரும்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ஜப்பான் அவருக்கு அகதித் தகுதி கொடுத்தது. 1964இல் அந்த நாடு அனுப்பியவர்கள் கோல் போடத் தெரியாதவர்கள். இவர் அந்நாட்டின் சட்டையையே அணிந்திருந்தவர்.

செய்தி வந்த வாரம் எண்ணூர்ப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பேரன் கைபேசியில் காட்டியிருக்கிறான். மூன்று விரல்களைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்ததை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு,

“அந்தப் பையனுக்கு அங்க வேலை ஏதாச்சும் கிடைச்சுதாமா?” என்றார்.

யோகொஹாமாவில் ஒரு கிளப்பில் சேர்த்துக்கொள்ளப் போகிறார்களாம் என்றேன்.

“ரேஷன் கார்டு மாதிரி அங்க என்ன குடுப்பாங்க?” என்று அடுத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.